பெரிய மணி கட்டியவர் முன்னால்

உடுமலைப்பேட்டையில் எங்கள் மூவரையும் விவரமானவர்கள் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. அதனால்தான் சுவிட்சர்லாந்து சுற்றுலாவில் நானே தலைவன் என்று அறிவித்துக்கொண்டேன். குழுவில் என்னோடு வெள்ளியங்கிரியும் காளியண்ணனும் மட்டுமே.

கோடை முழுக்க மலைமேல் மேய்ந்த மாடுகளுக்குப் பூ மகுடம் சூட்டி ஊருக்கு இறக்கும் திருவிழா அன்று. எங்கள் வழிகாட்டி ஜெயந்தினி, யாழ்ப்பாணத்துப் பெண், விளக்கினாள்.

“பெரிய மணி கட்டினது முன்னுக்குப் போகும். மற்றதெல்லாம் பின்னால போகும். அதுதான் இஞ்சத்தை வழக்கம். நீங்களும் அப்பிடியே இறங்கி வாங்கோ. ரெண்டரைக்கு பஸ் வெளிக்கிடும், ஒருத்தருக்கும் நிக்காது.”

பஸ்ஸை விட்டால் விமானம் போய்விடும். விமானம் போனால், மறுநாள் வெள்ளியங்கிரி மகளின் நிச்சயதார்த்தம் பெண்ணின் அப்பா இல்லாமல் நடக்கும்.

வழக்கத்தை மீறலாமா? கடையில் பூசணிக்காய் அளவு மணி வாங்கிக் கழுத்தில் கட்டிக்கொண்டேன்.

“எங்களுக்கு மணி வேண்டாமுங்களாண்ணா?” என்றான் காளியண்ணன்.

“பின்னால வர்றவனுக்கு எதுக்கு? சத்தத்தைக் கேட்டு வாங்க, போதும்.”

பாதி வழியில் மூடுபனி கவிந்தது. நீட்டிய கை தெரியவில்லை. மணியை ஆட்டிக்கொண்டே நடந்தேன். பின்னால் காலடிச் சத்தம் தவறாமல் வந்தது. எப்போதும் குறுக்கே பேசுகிறவர்கள் அன்று வாயே திறக்கவில்லை. பெருமை தாங்காமல் தலைமைப் பண்பு பற்றி ஒரு மணி நேரம் பேசினேன். யாரோ பின்கழுத்தை நக்கியபோதுகூட, “நன்றியெல்லாம் பஸ்ஸுல சொல்லிக்கலாம் வெள்ளியங்கிரி” என்றேன்.

ஊருக்குள் பனி விலகியது. சனங்கள் கைதட்டினார்கள். திரும்பிப் பார்த்தேன். நாற்பது மாடுகள் நின்றன.

பஸ் வாசலில் ஓட்டுநர் கத்திக்கொண்டிருந்தார். என் ஆட்கள் இருவரும் பூ மகுடம் வைத்த பசு ஒன்றைப் படியேற்றப் பார்த்தார்கள். பனியில் அதன் மணியைக் கேட்டு இறங்கி வந்திருக்கிறார்கள்.

“அது மாடு!” என்று ஜெயந்தினி தலையில் கை வைத்தாள்.

“தலைவர் ஏறாம நாங்க ஏற மாட்டோமுங்க.”

“டேய், நான்தாண்டா தலைவர்!”

இருவரும் என்னைப் பார்த்தார்கள், பசுவைப் பார்த்தார்கள், தனியே போய்ப் பேசினார்கள்.

“முகம் அண்ணனோடதுதான். ஆனா அந்தத் தலைவர் ஒரு வார்த்தை பேசல, வழியும் தப்பல.”

“வழக்கம்னு ஒண்ணு இருக்குதுல்ல? மணிய அளந்துரலாம்.”

அளந்தோம். பசுவின் மணி நாலு விரற்கடை பெரிது. நான் நியாயத்துக்குக் கட்டுப்பட்டவன், ஒப்புக்கொண்டேன். நிமிர்ந்து பார்த்தால் பஸ் போயிருந்தது.

மறுநாள் மாட்டுத் தொழுவத்தில் நின்றபடி, செல்போன் வீடியோவில் நிச்சயதார்த்தத்தில் கலந்துகொண்டோம். முறைப்படி தலைவர் முன்னால், நாங்கள் பின்னால். மாப்பிள்ளை வீட்டார் பயபக்தியோடு எழுந்து கும்பிட்டார்கள்.

“பொண்ணு வீட்டுல சம்மதந்தானுங்களே?” என்று பெரியவர் ஒருவர் கேட்டார்.

வெள்ளியங்கிரி கண் கலங்கி நின்றான். ஆனாலும் தலைவரை முந்திக்கொண்டு பேசுவானா? காத்திருந்தான்.

பசு தலையை ஆட்டியது. மணி ஒலித்தது. நல்ல சகுனம் என்று அங்கே தட்டை மாற்றிக்கொண்டார்கள்.