சாக்பீஸ் தூள்ல ஒரு கோடு

குரு, சிஷ்யன்னு சொன்ன உடனே முதுகை நிமித்தி உக்காந்துட்டீங்க பாருங்க. ஆலமரம், முழ நீளத் தாடி, "மகனே..."ன்னு ஒரு கரகரக் குரல். அதானே எதிர்பாக்குறீங்க? சாஞ்சு உக்காருங்க.

இங்க குருவுக்கு நாப்பது வயசு. பேரு அமலோற்பவம். வத்தலக்குண்டு பைபாஸ்ல பழைய கார் மெக்கானிக். முழங்கை வரைக்கும் கிரீஸ்.

சிஷ்யனுக்கு அறுபத்திரெண்டு. தண்டபாணி. பத்திர ஆபீஸ்ல ரிட்டயர்டு. அப்பா வாங்கின அறுபத்தி நாலு மாடல் காரை, வெளி ஆணி ஒண்ணு கூட ஏத்தாம, தன் கையாலயே ஓட வைப்பேன்னு கிளம்பின ஆளு. ஆறு மாசமா ஒரு நாள் லீவு போடல.

அன்னைக்கு வந்ததும் வராததுமா ஒரு குறை.

"மேஸ்திரி, பழைய சாமான்ல எது ஆகும், எது ஆகாதுன்னு எப்பத்தான் சொல்லித் தருவீங்க?"

கேட்டவரு ரெண்டு தோள்லயும் காரோட ரெண்டு இரும்புக் கையைச் சுமந்துட்டு நின்னாரு. முன் சக்கரத்தைக் கீழ இருந்து வண்டியோட சேத்துப் பிடிக்கிறது அதுதான். பட்டறையில ஆர்ம்னு சொல்லுவாங்க. ரெண்டுக்கும் மூணு கோட்டு கறுப்பு பெயிண்ட். முகம் பாத்து மீசை ஒதுக்கலாம், அப்படி ஒரு பளபளப்பு.

"பெயிண்டை எடுங்க சார்."

"நேத்துதாங்க அடிச்சேன்!"

"அதான் எடுக்கச் சொல்றேன்."

எடுத்தாரு. ரெண்டு நாளு. உப்புத்தாள் தேச்சுத் தேச்சு விரல் ரேகையே போச்சு.

"இப்ப?"

"மண்ணெண்ணெயில போடுங்க."

ஒரு நாள் ஊறிச்சு.

"இப்ப?"

"நல்லா துடைச்சு, சாக்பீஸ் தூளைத் தூவிட்டு வேடிக்கை பாருங்க."

முதல் ஆர்ம் விபூதி பூசின மாதிரி வெள்ளையா நின்னுச்சு. ரெண்டாவதும் அப்படித்தான் நின்னுச்சு, ஒரு டீ குடிச்சு முடிக்கிற வரைக்கும். அப்புறம் வளைவுகிட்ட ஒரு கோடு. விரிசலுக்குள்ள ஒளிஞ்சிருந்த மண்ணெண்ணெய் மெல்லிசா வெளிய கசிஞ்சுது.

"மேஸ்திரி, முடி விழுந்திருக்கு."

"ஊதுங்க."

ஊதினாரு. போகல.

"அப்ப இது வார்க்கும்போதே விழுந்த தழும்பு."

"துடைச்சுட்டு மறுபடி தூவுங்க."

தூவினாரு. வந்துச்சு. துடைச்சாரு, தூவினாரு. வந்துச்சு. நாலாவது தடவை சாக்பீஸ் மேலயே சந்தேகம் வந்து, வேற கடையில வேற டப்பா வாங்கிட்டு வந்தாரு.

கோடு அங்கேயேதான் இருந்துச்சு.

அதுக்குள்ள அவரு சம்சாரம் மனோன்மணி சாப்பாட்டுக் கேரியரோட வந்து ஸ்டூல்ல உக்காந்தாச்சு. பக்கத்து பஞ்சர் கடை சிக்கந்தர் டியூபை வாளித் தண்ணியில அமுக்கிக்கிட்டிருந்தாரு. கை அங்க, கண்ணு இங்க.

"சார், திண்டுக்கல் இரும்புக் கடையில இதே மாடல் ஆர்ம் ஒண்ணு நல்லதா கிடக்கு. எடுத்து வைக்கச் சொல்லவா?" அமலோற்பவம் கேட்டாங்க.

"வேற வண்டியோடதா? எங்கப்பா வண்டியிலயா? முப்பது வருஷம் அவரைச் சுமந்த இரும்பு மேஸ்திரி இது! ஞாயித்துக்கிழமை இதோடதான் இவளை மலையேத்திக் கொடைக்கானல் கூட்டிட்டுப் போறேன்."

"நான் பஸ்ஸே போதும்னுதான் சொன்னேன்," மனோன்மணி சொன்னாங்க.

"நீ சும்மா இரு. மேஸ்திரி, இது நல்ல ஆர்ம்."

"நல்ல ஆர்மா சார்?"

"சத்தியமா."

அமலோற்பவம் எந்திரிச்சாங்க. ஸ்பேனரை எடுத்தாங்க. ஜாக்கியில நின்ன வண்டிக்கு முன்னால போய்க் குந்தினாங்க. கோடு விழுந்த ஆர்மைக் கையில வாங்கிக்கிட்டாங்க.

"ரெண்டும் ஒரே அச்சு சார். எந்தப் பக்கமும் சேரும். இதை எந்தப் பக்கம் மாட்டட்டும்?"

தண்டபாணி வண்டியைப் பாத்தாரு. ஸ்டியரிங்கைப் பாத்தாரு. துண்டால நெத்தியைத் துடைச்சாரு.

"இடது பக்கம்."

 வாளியில குளுக்குன்னு ஒரு குமிழி.

"அண்ணே," சிக்கந்தர் தண்ணியில இருந்து கையை எடுக்காமலே கேட்டாரு, "அது அக்கா உக்காருற பக்கம்ல?"