அறுபத்தோராவது மாணவர்

ஒன்பது மாதம் எழுதியும் ஒரு வரி பதில் வராத பேராசிரியை ஒருத்தி, மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், வேலையை விடுவதற்கான கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு தன் ஆசிரியர் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

அவள் பெயர் குமுதவல்லி. திருச்சிக்கு வெளியே ஒரு கல்லூரியில் தாவரவியல் துறை. இருபத்தாறு வருஷ சர்வீஸ். ஓய்வுபெற இன்னும் ஆறு வருஷம் பாக்கி. ஆசிரியர் அருளப்பன், அவளுடைய பிஎச்.டி. ஆய்வுக்கு வழிகாட்டியாக இருந்தவர். உறையூரில் தனியாக இருக்கிறார்.

அவரிடம் கேள்வி கேட்பதில் ஒரு சங்கடம் உண்டு. வாயால் பதில் சொல்லமாட்டார். ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் சரியாக வந்திருக்கிறதா என்று அவள் ஒருமுறை கேட்டதற்கு, ஒன்றும் சொல்லாமல் பச்சமலைக்குப் பஸ் ஏற்றிவிட்டார். அங்கே போய்ச் செடியை நேரில் பார்த்த பிறகுதான், இலை அடுக்கையே தப்பாக எழுதியிருந்தது தெரிந்தது. அப்படிப்பட்ட மனுஷர்.

கடிதத்தை வாங்கி, மூக்குக்கண்ணாடியைத் தேடியெடுத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு தடவை படித்தார்.

“உடம்பு சரியில்லையா?”

“நல்லாத்தான் இருக்கேன் சார்.”

“பின்னே?”

“நான் பேசுறது யாருக்கும் கேக்கலை.”

அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. அவள் சொல்ல ஆரம்பித்தாள்.

குமுதவல்லி கண்டிப்பானவள். மாணவர்கள் அவளுக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் அவளுக்கே தெரியும். அதை இங்கே சொன்னால் நன்றாயிருக்காது. ஜூன் மாதம் இரண்டாம் ஆண்டு வகுப்புக்குப் பொறுப்பாசிரியையாகப் போட்டார்கள். முதல் நாளே விதிகளைச் சொல்லிவிட்டாள். எனக்கு யாரும் போன் பண்ணக்கூடாது. தனியாக மெசேஜ் அனுப்பக்கூடாது. பாட நேரம் குறைவு, நடுவில் எழுந்து கேள்வி கேட்டு இழுக்கக்கூடாது. சந்தேகமோ, லீவோ, வீட்டுக் கஷ்டமோ, எதுவானாலும் வாட்ஸ்அப் குழுவில் எழுதுங்கள், நானும் அங்கேயே பதில் எழுதுகிறேன். அறுபது பேரும் தலையாட்டினார்கள்.

நான்காம் நாளே குழு சந்தைக்கடை ஆகிவிட்டது. ஒருத்தி ரோஜாப்பூவோடு காலை வணக்கம் அனுப்பினாள். ஒருவன் இதைப் பதினோரு பேருக்கு அனுப்பினால் நல்லது நடக்கும் என்று எதையோ அனுப்பினான். இரண்டு பையன்கள் கிரிக்கெட்டுக்காக அங்கேயே மல்லுக்கு நின்றார்கள். அன்று மாலையே குமுதவல்லி குழுவை ஒரு வழிக்குக் கொண்டுவந்துவிட்டாள். அதற்கப்புறம் ஒரு பூகூட வரவில்லை.

பிறகு அவள் எழுதினாள். உதவித்தொகை விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதியை எழுதினாள். செடியைப் பதப்படுத்தி ஒட்டும்போது வேரை வெட்டாதீர்கள், வேரில்லாத செடிக்கு மதிப்பெண் இல்லை என்று எழுதினாள். மழை தொடங்கியதும், ஆய்வகத்து வாசல் வழுக்குகிறது, மெதுவாக வாருங்கள் என்று எழுதினாள். நவம்பரில், ஹால் டிக்கெட்டை லேமினேட் செய்துவிடாதீர்கள், மேற்பார்வையாளர் கையெழுத்துப் போட இடம் வேண்டும் என்று எழுதினாள். தேர்வுக்கு முதல் நாள் புதிதாக எதையும் படிக்காதீர்கள், சாப்பிட்டுவிட்டுச் சீக்கிரம் தூங்குங்கள் என்றும் எழுதினாள்.

முந்தின மே மாதம்தான் அவள் அம்மா இறந்துபோயிருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளாத மகளுக்கு அந்த அம்மாதான் வீடு. தினமும் சாயங்காலம் செருப்பைக் கழற்றுவதற்குள், இன்றைக்குப் பிள்ளைகள் என்ன கேட்டார்கள் என்று விசாரிப்பாள். இப்போது அந்த வீட்டில் விசாரிக்க ஆள் இல்லை. அதனால் உண்மையைச் சொன்னால், குழுவில் அவள் எழுதியதில் அறிவிப்பு பாதி, ஏக்கம் பாதி.

எழுதிவிட்டு, யார் யார் படித்தார்கள் என்ற பட்டியலைத் திறந்து பார்ப்பாள். அரைமணி நேரத்தில் நாற்பது பெயர் வந்துவிடும். சாப்பிட உட்காரும்போது அறுபதும் வந்துவிடும். பட்டியலோடு சரி.

“பொங்கலுக்கு வாழ்த்துச் சொன்னேன் சார். அறுபது பேரும் படிச்சாங்க. ஒரு கரும்புப் படம்கூட வரலை.”

அருளப்பன் சிரிக்கவில்லை.

ஜனவரியில் பச்சமலைக்குக் களப்பயணம் போனதையும் சொன்னாள். பஸ்ஸின் பின்பக்கம் ஒரே பாட்டும் கும்மாளமும். முன் சீட்டில் அவளும் புளிசாதப் பொட்டலங்கள் வைத்த கூடையும். என்ன பாட்டு என்று பார்க்கலாமென அவள் திரும்பியதும் பாட்டு நின்றுவிட்டது. மலை ஏறும் வரை அவள் மறுபடி திரும்பவே இல்லை.

கடைசியாக மோனிஷாவைப் பற்றிச் சொன்னாள். இரண்டாவது பெஞ்சில் உட்காரும் பெண், செடியின் படத்தை அச்சுப்போல வரைவாள். அக்டோபரில் திடீரென்று வருவதை நிறுத்திவிட்டாள். என்ன காரணமென்று குமுதவல்லி பெயர் சொல்லியே குழுவில் கேட்டாள். பதில் இல்லை. வருகைக் குறைவுப் பட்டியலில் பெயர் போனது, பெண் திரும்பவே இல்லை.

“ஆனா இன்னும் குழுவில இருக்கா சார். நான் எழுதுறதை எல்லாம் படிக்கிறா. படிச்சிட்டு வாயைத் திறக்க மாட்டேங்கிறா. இதுக்கு மேல நான் யாருக்காக இருக்கணும்?”

அருளப்பன் கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தார்.

“இதை எப்போ கொடுக்கணும்?”

“மாசக் கடைசிக்குள்ள.”

“அதுவரைக்கும் என்கிட்ட இருக்கட்டும். என்னையும் அந்தக் குழுவில சேர்த்துக்க.”

“உங்களையா?”

“நானும் ஒரு மாணவனா இருந்து பார்க்கிறேன். நீ போகலாமா வேண்டாமான்னு அங்கேயே எழுதுறேன்.”

அவள் அவர் எண்ணைச் சேர்த்தாள். அவர் தன் போனைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்கும் அதே விதிதானா? போன் கூடாது, தனியா எழுதக் கூடாது?”

அவளுக்கு அன்று முதல்தடவையாகச் சிரிப்பு வந்தது. உங்களுக்கு எதற்கு சார் விதியெல்லாம் என்றாள். மாணவன் என்று சேர்ந்த பிறகு விதியும் உண்டுதான் என்று அவர் சொல்லிவிட்டார்.

அடுத்து வந்த நாட்களில் அவள் பார்த்துப் பார்த்து எழுதினாள். படிப்பவர் யார் என்று தெரிந்த பிறகு எழுத்தே மாறிவிடுகிறது. செய்முறைத் தேர்வுத் தேதியைக்கூட இரண்டு தடவை அழித்து எழுதினாள். பட்டியலில் இப்போது அறுபத்தோரு பெயர். அருளப்பன் பெயர்தான் முதலில் வரும். ஓய்வுபெற்ற மனுஷர், போனும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டாள்.

ஆனால் அவர் எதுவும் எழுதவில்லை.

ஐந்து நாள் போயிற்று. பத்து நாள் போயிற்று. யோசிக்கிறார் என்று முதலில் சமாதானம் சொல்லிக்கொண்டாள். பிறகு, யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் இன்று மாலைக்குள் எழுதவும் என்று ஒரு செய்தி போட்டாள். அது அறுபது பேருக்கும் சேர்த்துப் போட்டது என்றாலும், யாரைப் பார்த்துப் போட்டது என்று அவளுக்குத் தெரியும். அவர் அதையும் முதல் ஆளாகப் படித்தார். மாலை வந்தது, பதில் வரவில்லை.

பிள்ளைகள் பதில் சொல்லாததுகூட அவளுக்குப் பழகிப்போயிருந்தது. இவரும் சொல்லவில்லை என்பதைத்தான் தாங்க முடியவில்லை. அழுகை வந்தது. கேட்பதற்கு யாரும் இல்லாத வீடுதானே என்று கொஞ்சம் சத்தமாகவே அழுதாள்.

மாதத்தின் கடைசி ஞாயிறு காலை உறையூருக்குப் போனாள். அவர் காபிக்கு டிகாஷன் போட்டுவிட்டு அடுப்படியிலிருந்து வந்தார். இவள் உட்காரவில்லை.

“கடிதத்தைக் குடுங்க சார். நாளைக்குப் பிரின்சிபால்கிட்ட கொடுக்கணும்.”

“என் பதில் வேண்டாமா?”

“நீங்கதான் எழுதவே இல்லையே. அவங்களை மாதிரியே படிச்சிட்டு சும்மா இருந்துட்டீங்க.”

அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, அந்தக் குழுவைத் திறந்து, அவள் கையில் வைத்தார்.

“என்ன பதில் வரணும்னு நினைக்கிறியோ, அதை நீயே எழுது. என் பேர்ல போகட்டும்.”

இது என்ன விளையாட்டு என்று நினைத்தபடி அவள் வாங்கிப் பார்த்தாள். அவள் ஆரம்பித்த குழுதான். ஆனால் இந்தப் பக்கத்திலிருந்து அதை அவள் பார்த்ததே இல்லை. அவளுடைய செய்திகள் ஒன்றன்கீழ் ஒன்றாக, இரண்டு வாரத்துக்கு, ஒரே பெயரில் இறங்கிக்கொண்டே போயின. அடியில், எழுதுவதற்கான கட்டம் இருக்க வேண்டிய இடத்தில், சாம்பல் நிறத்தில் ஒரு வரி இருந்தது. அட்மின் மட்டுமே செய்தி அனுப்ப முடியும்.

அவள் அந்த வரியின் மேல் விரலை வைத்து அழுத்தினாள். மறுபடியும் அழுத்தினாள். ஒன்றும் திறக்கவில்லை.

அப்போதுதான் ஜூன் மாதத்து மாலை நினைவுக்கு வந்தது. கிரிக்கெட் சண்டையைப் பார்த்த கோபத்தில், வேறு யாரும் எழுத முடியாதபடி குழுவைப் பூட்டியது அவளேதான். திங்கட்கிழமை திறந்துவிடலாம் என்று நினைத்திருந்தாள். திங்கட்கிழமை தர மதிப்பீட்டுக் குழு வருகிறது என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு வாரம் கோப்புகளுக்கு நடுவில் போயிற்று. பூட்டியவள் போனில் எழுதும் கட்டம் எப்போதும்போல இருந்ததால், பூட்டியது மறந்தே போயிற்று.

தன் போனை எடுத்து அக்டோபர் வரை மேலே தள்ளிக்கொண்டு போனாள். அங்கே அவள் எழுதியது அப்படியே இருந்தது. மோனிஷா, மூன்று வாரமாக வகுப்புக்கு வரவில்லை. என்ன காரணம் என்று இன்று மாலைக்குள் இங்கே எழுதவும்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பதில் சொல்லக்கூட மரியாதை இல்லாத பெண் என்று துறையில் எல்லார் காதிலும் விழும்படி தான் சொன்னதும் ஞாபகம் வந்தது.

பிறகு கேட்டாள்.

“ஒருத்தராவது வகுப்பில எழுந்து சொல்லியிருக்கலாமே சார்?”

“எப்போ?”

முதல் நாள் தான் சொன்ன விதிகளை அவள் மனதுக்குள் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள்.

குழுவின் பூட்டை எடுத்தாள். இனி எல்லாரும் எழுதலாம் என்று குழுவில் தானாக ஒரு வரி விழுந்தது. பக்கத்தில் கிடந்த அருளப்பன் போனிலும் அது விழுந்தது. அவள் உடனே எழுத ஆரம்பித்தாள். அன்புள்ள மாணவர்களே, ஜூன் மாதம் நடந்த ஒரு தவறுதலால் என்று தொடங்கி, நான்கு வரி, ஐந்து வரி என்று போய்க்கொண்டிருந்தாள்.

“இப்பவும் நீதான் எழுதணுமா?”

அவள் விரல் நின்றது. எழுதியதை ஒவ்வோர் எழுத்தாக அழித்துவிட்டு, போனை மேசைமேல் வைத்தாள்.

அவர் உள்ளே போய்க் கடிதத்தை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தார். திரும்பவும் உள்ளே போனார். தெருவில் யாரோ வண்டியை உதைத்து உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அது கிளம்பவில்லை. அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரை அணைந்தது. தொட்டு எழுப்பினாள். படித்தவர் எத்தனை பேர் என்று பார்க்கக்கூட இந்தமுறை வழியில்லை, அவள்தான் ஒன்றும் எழுதவில்லையே. மறுபடி அணைந்தது.

அருளப்பன் காபியோடு வந்தார்.

“திறந்துட்டேன் சார்,” என்றாள் குமுதவல்லி. “யாரும் எழுதலையே.”

அவர் டவரா டம்ளரை அந்தக் கடிதத்தின் மேலேயே வைத்தார்.

“ஒன்பது மாசமா அவங்க உக்காந்திருக்காங்க. நீ இந்தக் காபி ஆறுற வரைக்கும் உக்காரு.”