சந்தனமாரி தொங்கவிட்ட மூணு துணி

ஒரு ஊர்ல ஒரு போட்டோக்காரி இருந்தா. பேரு சந்தனமாரி. போர்வைய இழுத்துப் போத்திக்கோ, காலு வெளிய தெரியுது பாரு. நீ 'ம்' சொன்னாதான் கதை நடக்கும், இல்லன்னா நட்டநடு ரோட்டுல நின்னுரும். எங்க, சொல்லு?

"ம்."

அந்தச் சந்தனமாரிக்கு எதுக்கெடுத்தாலும் குழப்பம். செருப்புக் கடைக்குப் போனா இந்தக் கால்ல ஒண்ணு, அந்தக் கால்ல வேற ஒண்ணுன்னு மாட்டிக்கிட்டு அரை நாள் நிப்பா. ஆனா கேமராவக் கையில எடுத்தா மட்டும் கை ஆடாது. பத்து வருஷம் இன்னொருத்தர் ஸ்டுடியோவுல வேலை பாத்தா. அங்க எந்தத் துணியத் தொங்கவிடணும், எந்த லைட்டப் போடணும்னு முதலாளி சொல்லிருவாரு. இவ படத்த மட்டும் எடுப்பா.

அப்புறம் சொந்தமா ஒரு ஸ்டுடியோ போட்டா. பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல, மாடியில, ஒத்த ரூம்பு. கேமரா வந்துச்சு, லைட்டு வந்துச்சு, உக்கார ஸ்டூல் வந்துச்சு. ஆனா சுவரு இருக்கே, பெயிண்ட் உரிஞ்சு சொறி புடிச்ச மாதிரி கெடக்கு. அது முன்னாடி யாரை உக்கார வைக்கிறது? சுவத்த மறைக்கத் துணி வேணும்ல? எந்தத் துணின்னு சொல்லத்தான் இப்போ ஆளில்ல.

ஜவுளிக்கடைக்குப் போனா. கடைக்காரரு, "செவப்புல பெரிய பெரிய பூப்போட்டது எடும்மா, கல்யாண வீடு மாதிரி இருக்கும்"னாரு. துணி கிழிக்கிறவரு, "வெள்ளை எடுங்கக்கா, வெள்ளைக்கு எல்லாம் எடுப்பா இருக்கும்"னாரு. பக்கத்துல சேலை பாத்துக்கிட்டிருந்த அம்மா, "நீலத்துல சாட்டின் எடு, பளபளன்னு ராணி மாதிரி தெரிவாங்க"ன்னுச்சு. இவ மூணையும் தோள்ல போட்டுக் கண்ணாடி பாத்தா. செவப்பா? வெள்ளையா? நீலமா? மத்தியானச் சோத்துக்குக் கடைய மூடப் போறாங்க, இவ இன்னும் நிக்கிறா. கடைசியில என்ன பண்ணுனா?

"மூணும் வாங்கிட்டா."

அதே! மூணுலயும் அஞ்சஞ்சு மீட்டரு வாங்கிட்டு வந்துட்டா.

மறுநாள், மணி மூணரை இருக்கும். தடதடதடன்னு படியேறி ஒரு பொண்ணு வந்தா. பேரு ஜெபக்கனி. இடுப்புல எட்டு மாசக் கைக்குழந்தை, வெள்ளைக் கவுன் போட்டிருக்கு, பேரு ரூபி. பின்னாடியே அவ புருஷன் ஞானதுரை. பேக்கரியில ரொட்டி போடுறவன். சட்டையெல்லாம் மாவு.

"அக்கா, சீக்கிரமா ஒரு படம் எடுக்கணும். நாலு மணிக்கு வேன் வந்துரும்."

"எங்க போறீங்க?"

"நான் மட்டுந்தான் போறேன். வெளிநாட்டு ஆஸ்பத்திரியில நர்ஸ் வேலை. ரெண்டு வருஷம். இவ அப்பாகிட்ட இருப்பா."

அப்பல்லாம் போன்ல மூஞ்சி பாத்துப் பேசுற வசதி வரல, கண்ணு. குரல் மட்டுந்தான் கேக்கும். எட்டு மாசக் குழந்தைக்கு ரெண்டு வருஷங் கழிச்சு அம்மா மொகம் ஞாபகம் இருக்குமா?

"இருக்காது."

அதான் ஜெபக்கனிக்குப் பயம். "சுவத்துல மாட்டணும்க்கா. தெனமும் எந்திரிச்சதும் இவ என் மொகத்தப் பாக்கணும். நான் வந்து நிக்கும்போது யாரோன்னு நெனைச்சு அழுதுறக் கூடாது."

சந்தனமாரி ஸ்டூல இழுத்து நடுவுல போட்டா. சொந்த ஸ்டுடியோவுல மொத மொத எடுக்கப்போற படம் இப்படியா வரணும்! மூணு துணியையும் பாத்தா. ஒண்ணுமே ஓடல. சரின்னு மேல கெடந்த செவப்புப் பூத்துணிய எடுத்துக் கம்பியில கிளிப்பு போட்டு மாட்டினா. அம்மாவும் புள்ளையும் உக்காந்தாங்க. குழந்தை அம்மாவையும் பாக்கல, கேமராவையும் பாக்கல. பின்னாடி திரும்பிப் பூவப் பறிக்கப் போகுது! "ரூபி, இங்க பாரு! ரூபி!" ம்ஹூம். க்ளிக்! கேமரா முதுகுல இருந்த சின்னத் திரையில பாத்தா, ஜெபக்கனி தலையில தட்டு சைஸுல ஒரு பூ தொப்பி மாதிரி உக்காந்திருக்கு. குழந்தைக்குப் பின்மண்டைதான் தெரியுது.

"இது வேணாம்"னா. அப்புறம் வெள்ளைத் துணிய மாட்டினா. இப்போ குழந்தை நேரா பாத்துச்சு. க்ளிக்! பாத்தா, வெள்ளைக் கவுனும் வெள்ளைத் துணியும் ஒண்ணாக் கலந்துபோயி ரூபியோட தலை மட்டும் தனியா மெதக்குது! வெள்ளை வெளிச்சத்துக்கு நடுவுல ஜெபக்கனி மொகம் கருகருன்னு நெழலா விழுந்திருக்கு. கண்ணெது மூக்கெதுன்னு தெரியல.

ஞானதுரை எட்டிப் பாத்தான். "இதுல இவளை எனக்கே அடையாளம் தெரியலயே"ன்னான்.

பாம் பாம்! கீழ வேன் வந்து நின்னுருச்சு. ம் சொல்லு.

"ம்... அப்புறம்?"

அப்புறம் நீல சாட்டினு. க்ளிக்! பளீர்னு லைட்டு துணியில பட்டுத் தெறிச்சு, மின்னல் வெட்டுன மாதிரி கோடு கோடா வந்துச்சு. அந்த மினுக்கல்ல மொகம் எங்க தெரியும்?

ஜெபக்கனி கண்ணுல பொலபொலன்னு தண்ணி. "போதும்க்கா. விடுங்க. என் பாஸ்போர்ட் படத்தையே பெருசாக்கி மாட்டிக்கட்டும்"னு எந்திரிக்கப் போனா.

சந்தனமாரிக்கு அழுகை முட்டுது. செவப்பும் இல்ல, வெள்ளையும் இல்ல, நீலமும் இல்ல, வேற எது? அந்த நேரம் பாத்து டப்புன்னு ஒரு கிளிப்பு தெறிச்சுச்சு. சர்ர்ர்ருன்னு சாட்டினு வழுக்கிக்கிட்டு வந்து அம்மாவையும் புள்ளையையும் மூடிருச்சு! உள்ள இருந்து ரூபி கெக்கெக்கேன்னு சிரிக்குது. சந்தனமாரி ஓடிப்போய் துணிய உருவினா. உருவுன கை அப்படியே நின்னுபோச்சு. துணியோட உள்பக்கம் மேல வந்திருந்துச்சு. அதுல மினுக்கலே இல்ல. மழைக்கு முன்னாடி வானம் மங்கலா நிக்குமே, அந்த நெறம். பூவில்ல, பளபளப்பில்ல. பாக்குறதுக்கு அதுல ஒண்ணுமே இல்ல.

அவ அந்தப் பக்கத்த வெளிய வச்சு மறுபடியும் மாட்ட ஆரம்பிச்சா.

"அக்கா, திருப்பி மாட்டுறீங்க. அது உள்பக்கம்"னான் ஞானதுரை.

"தெரியும். இல்ல... தெரியல. சரியா வருமான்னும் தெரியல. ஒரு நிமிஷம் உக்காரும்மா."

பாம் பாம் பாம்!

ஜெபக்கனி மொகத்தத் தொடச்சுக்கிட்டு உக்காந்தா. குழந்தைக்குப் பின்னாடி வேடிக்கை பாக்க இப்போ ஒண்ணுமில்ல. அதனால அம்மா மொகத்தையே பாக்க ஆரம்பிச்சுருச்சு. "ரூபி, அங்க பாரு, அக்காவப் பாரு"ன்னா ஜெபக்கனி.

"வேணாம்! அவ பாக்குற எடத்தையே பாக்கட்டும். நீ மட்டும் என்னப் பாரு. ரெண்டு வருஷத்துக்கு உன் மக பாக்கப்போற மொகம் இது, அழுதுகிட்டா இருக்கணும்?"

அப்போ ஜெபக்கனி கொஞ்சூண்டு சிரிச்சா. க்ளிக்!

"நல்லா வந்திருக்காக்கா?"

"வந்திருக்குன்னுதான் நெனைக்கிறேன்"னா சந்தனமாரி. அப்பவும் அவளுக்கு நிச்சயமில்ல. ஜெபக்கனி புள்ளைக்கு நாலு முத்தங் குடுத்து, புருஷன் கையில குடுத்துட்டு, திரும்பிப் பாக்காம தடதடன்னு எறங்கிப் போயிட்டா. வேன் டுர்ர்ர்ருன்னு கெளம்பிருச்சு.

மறுநாள் படத்தப் பெருசாப் போட்டுப் பாத்தப்போதான் சந்தனமாரிக்கு மூச்சு வந்துச்சு. துணி இருக்கிறதே தெரியல. ஜெபக்கனி மொகமும், அதையே பாக்குற சின்ன மொகமும்தான் தெரிஞ்சுச்சு. ஞானதுரை அதக் கட்டிலுக்கு எதுத்த சுவத்துல மாட்டினான். தெனமும் விடிஞ்சதும், "அம்மா எங்க?"ம்பான். ரூபி விரல நீட்டிப் படத்தக் காட்டும். கேக்குறியா?

"...ம்."

ரெண்டு வருஷம் ஓடிப்போச்சு. ஒருநாள் காலையில ஜெபக்கனி பெட்டியோட வந்து வாசல்ல நின்னா. ஓடிப்போய்த் தூக்கணும்னு கை பரபரங்குது. ஆனா பயம், நகராம நிக்கிறா. ரூபி அவளப் பாத்துச்சு. அழல. கிட்டயும் வரல. மெதுவா விரல நீட்டி, "யாரு?"ன்னுச்சு.

"அம்மாடா"ன்னான் ஞானதுரை.

ரூபி சுவத்தக் காட்டி, "அது அம்மா"ன்னுச்சு.

"இதுவும் அம்மாதான்."

குழந்தைக்கு ஒரே குழப்பம். படத்தப் பாக்குது, வாசலப் பாக்குது. மறுபடி படம், மறுபடி வாசல். படத்துல சிரிக்கிற அம்மா, வாசல்ல அழுகுற அம்மா. அழுகையோடவே ஜெபக்கனி கொஞ்சூண்டு சிரிச்சா. அவ்வளவுதான், ரூபி ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டுக் குடுகுடுகுடுன்னு ஓடியாந்து அவ கால்ல மோதிக் கட்டிக்கிட்டு, "ப்பா! ரெண்டு அம்மா!"ன்னுச்சு.

அக்கம்பக்கத்துப் புள்ளைங்ககிட்டயெல்லாம், "உனக்கு ஒண்ணுதான், எனக்கு ரெண்டு"ன்னு ஒரு மாசம் பீத்திக்கிட்டுத் திரிஞ்சுச்சாம்.

என்ன, 'ம்'மையே காணோம்? சரி சரி. கதை வீடு போய்ச் சேந்துருச்சு, நீ கண்ண மூடு.