டிட்டோ போட்ட கட்டம்

குருவுக்கு வயது முப்பத்தாறு. சீடருக்கு ஐம்பத்திரண்டு. டெலிபோன்காரர்கள் உலகத்தில் இதெல்லாம் அதிசயமில்லை.

ரூபவதியை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஈரோட்டைச் சுற்றி ஆலைகளிலும் ஆபீஸ்களிலும் எக்ஸ்சேஞ்ச் பெட்டிகளை இணைக்கிறவர்களில் பாதிப்பேர் அவரிடம் படித்தவர்கள்; வேலை முடிந்ததும் சோதனைத் தாளில் கையெழுத்து வாங்குவதும் அவரிடம்தான். சென்னியப்பனும் அப்படித்தான். நாற்பத்தைந்து வயதில் வெட்கத்தை விட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர். வேலையில் படு கெட்டிக்காரர். வினையே அதில்தான் வந்தது.

ஒரு புதன்கிழமை மத்தியானம் அவர் டீச்சரைப் பார்க்க வந்தார். கையில் ஒரு சோதனைத் தாள்.

"ஒரு சந்தேகமுங்க டீச்சர்."

"சொல்லுங்கண்ணா."

"இங்கிருந்து கூப்பிட்டா அங்க மணி அடிக்குது. நாம பேசறது அவியளுக்குக் கேக்குது. அவிய பேசறது நமக்குக் கேக்குது. இதுக்கு மேல சோதிச்சுப் பாக்க என்னங்க இருக்குது?"

ரூபவதி தாளை வாங்கிப் பார்த்தார்.

நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இது ஏதோ பரீட்சைக் கேள்வி மாதிரி இருக்கும்.

ஒரு சாயப்பட்டறைக் கம்பெனி. ஆபீஸ் டவுனில், பட்டறை பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி. இரண்டு இடத்திலும் தலா ஒரு எக்ஸ்சேஞ்ச் பெட்டி. இரண்டையும் இணைத்தது சென்னியப்பன். ஒவ்வொரு போனுக்கும் வீட்டுக் கதவிலக்கம் மாதிரி ஒரு ஐ.பி. எண் உண்டு. எந்த எண் வரிசைக்கு எந்த வழியாகப் போக வேண்டும் என்று இரண்டு பக்கமும் எழுதி வைக்க வேண்டும். ஒரு பக்கம் எழுதிவிட்டு மறுபக்கத்தை விட்டால், போன பேச்சுக்குப் பதில் வராது.

ஆபீசில் ஆபரேட்டர் அறைக்கு மட்டும் புதிதாக ஒரு வரிசை கொடுத்திருந்தார்கள். அதற்கு வழி என்ன என்று பட்டறைப் பக்கம் எழுத சென்னியப்பன் மறந்துவிட்டார். ஒரே ஒரு வரி. அதனால் பட்டறையிலிருந்து கூப்பிட்டால், மணி மட்டும் பெட்டிக்குப் பெட்டி போய்விடுவதால், ஆபரேட்டர் அறையில் அடிக்கும். ஆபரேட்டர் ஹலோ என்பது பட்டறையில் நன்றாகக் கேட்கும். பட்டறையில் பேசுகிறவன் குரல் மட்டும் நடுவழியில் தொலைந்து போகும்.

சோதித்திருந்தால் தெரிந்திருக்கும். சோதனைத் தாளில் ஒவ்வொரு போனுக்கும் இரண்டு கட்டம் உண்டு. போனது, வந்தது. இந்தப் பக்கமிருந்தும் கூப்பிட வேண்டும், அந்தப் பக்கமிருந்தும் கூப்பிட வேண்டும். வெயிலில் பதினெட்டு கிலோமீட்டர் யார் போவது? ஆபீசில் ஏ.சி. உண்டு, டீ வரும். எக்ஸ்சேஞ்ச் அறையில் உட்கார்ந்தபடியே பட்டறைப் போன்களை எல்லாம் ஒரு சுற்று கூப்பிட்டு முதல் கட்டத்தை நிரப்புவார்கள். அந்த அறை பழைய வரிசை, அங்கே எல்லாம் சரியாகக் கேட்கும். இரண்டாவது கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை டிட்டோ. ஊரில் எல்லோரும் செய்கிற காரியம்தான். சென்னியப்பனும் செய்தார்.

ஒன்பது நாளைக்கு முன்னால், திங்கட்கிழமை, பட்டறையில் நீராவிக் குழாய் வெடித்தது. மாரப்பன் என்கிற தொழிலாளி வெந்து போனார். செல்போனை எல்லாம் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். கூட நின்ற காளியண்ணன் சுவரில் மாட்டியிருந்த போனில் மூன்று தடவை ஆபரேட்டரைக் கூப்பிட்டுக் கதறினார். ஆபரேட்டர் கனகவல்லி மூன்று தடவையும் எடுத்தாள். "ஹலோ, ஹலோ, யாருமே பேசலியே" என்று மூன்று தடவையும் வைத்தாள். காளியண்ணன் கேட்டுக்கு ஓடி வண்டி பிடிப்பதற்குள் எல்லாம் கைமீறிவிட்டது. அந்த வாரமே புதன்கிழமை மாரப்பன் செத்துப்போனார்.

இதற்கு நடுவில், போன் கதையைக் கேள்விப்பட்டு, செவ்வாய்க்கிழமை விடிந்ததும் விடியாததுமாக, சென்னியப்பன் பட்டறைக்குப் போய் விட்டுப்போன வரியை எழுதிவிட்டு வந்தார். ஒரு நிமிஷ வேலை. யாரும் பார்க்கவில்லை.

அப்புறம் நடந்த அநியாயத்தைக் கேளுங்கள். மூன்று அழைப்பும் எடுக்கப்பட்டதாக எக்ஸ்சேஞ்சில் பதிவு இருக்கிறது. சோதித்தால் போன் கணீரென்று கேட்கிறது. அப்படியானால் கனகவல்லி பொய் சொல்கிறாள்! வேலை நேரத்தில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று ஒரு பேச்சைக் கிளப்பினார்கள். சஸ்பெண்ட் செய்தார்கள். மாரப்பன் வீட்டார் அவள் வாசலில் வந்து நின்று மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனார்கள். சென்னியப்பன் டீச்சரைப் பார்க்க வந்ததற்கு மறுநாள் பதினோரு மணிக்கு விசாரணை.

"நாளைக்கு நீங்க வந்து, லைன் சரியா இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதுமுங்க" என்றார் சென்னியப்பன். "பொய் இல்லீங்களே. சரியாத்தானே இருக்குது."

"இந்த டிட்டோ?"

"அது எல்லாரும் போடறதுதானுங்க."

"கனகவல்லி?"

சென்னியப்பன் தன் செருப்பைப் பார்த்தார்.

"அதுக்குச் சின்ன வயசுங்க. வேற வேலை கெடைச்சிரும். எனக்கு இந்த வயசுல யாருங்க டீச்சர் குடுப்பாங்க?"

சொல்லும்போதே அவருக்கு வாய் கசந்தது. ஆனாலும் சொன்னார்.

ரூபவதி தாளை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

"காலைல ஒம்பது மணிக்குப் பட்டறைக்குப் போங்கண்ணா. அந்தச் சுவத்துப் போன்ல இருந்து ஆபரேட்டர் ரூமைக் கூப்பிடுங்க. நான் எடுக்கறேன்."

சென்னியப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. டீச்சர் நம் பக்கம்தான் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், பத்து நாளில் முதல் தடவையாக வயிறாரச் சாப்பிட்டார்.

காலையில் பட்டறையில் காளியண்ணன் நின்றிருந்தார். சென்னியப்பன் போனை எடுத்துக் கூப்பிட்டார். மணி அடித்தது.

"ஹலோ" என்றது டீச்சர் குரல்.

"நான்தானுங்க டீச்சர், சென்னியப்பன்."

"ஹலோ? யாருங்க?"

"டீச்சர், கேக்குதுங்களா?"

"ஹலோ, ஹலோ. யாருமே பேசலியே." வைத்துவிட்டார்.

சென்னியப்பன் மறுபடி கூப்பிட்டார். மறுபடியும் அதே. யாருங்க, யாருமே பேசலியே, டக். பக்கத்தில் காளியண்ணன் மெதுவாகச் சொன்னார்.

"அன்னிக்கும் இப்பிடித்தானுங்க. மூணு தடவை."

மூன்றாவது தடவை கூப்பிட்டார்.

"ஹலோ, யாருங்க?"

"டீச்சர்! நான் பேசறேன் டீச்சர்!"

"சத்தமே வரலியே."

"எப்பிடி வராம இருக்கும்? அன்னிக்கு வழி எழுதல, வரல. அடுத்த நாள் காலைல நானே வந்து என் கையால எழுதிட்டேனே! இன்னிக்கு ஏன் போக மாட்டேங்குது?" தொண்டை கிழியக் கத்தினார்.



"கேக்குதுங்கண்ணா" என்றார் ரூபவதி. "மொதல்ல இருந்தே கேக்குது."

சென்னியப்பன் போனைப் பிடித்தபடியே திரும்பிப் பார்த்தார். காளியண்ணன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையைச் சென்னியப்பனால் தாங்க முடியவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"இப்பிடி ஏமாத்திப்போட்டீங்களே டீச்சர். இது நாயமா?"

"அந்தத் தாள்ல டிட்டோவுக்குக் கீழ இருக்கற கையெழுத்து என்னுது. படிச்சுப் பாக்காமப் போட்டேன். பதினோரு மணிக்கு அதை நான் சொல்லிருவேன். உங்களுத நீங்கதான் சொல்லோணும்." ரூபவதி குரல் கொஞ்சம் தள்ளிப் போயிற்று. "ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். விசாரணைக்கு வந்த கனகா என் பக்கத்துலதான் உக்காந்திருக்குது. பேசுங்க."

சென்னியப்பன் வாயைத் திறந்தார். ஒரு வார்த்தை வரவில்லை.

அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது.

"ஹலோ" என்றாள் கனகவல்லி. அழுது அழுது கட்டிப்போன குரல். "ஹலோ… யாருமே பேசலீங்க டீச்சர். வெச்சுரட்டுங்களா?"

"வெக்காதே கனகா" என்றார் ரூபவதி. "அந்தப் பக்கம் ஆள் இருக்குது."