நாகப்பட்டினத்திலிருந்து நடந்து வந்தவன்

வர்ஜீனியாவில் அப்போது ஒரு கோணல் சட்டம் இருந்தது. கிறிஸ்தவனல்லாத வேலைக்காரன் கப்பலில் வந்தவன் என்றால் ஆயுளுக்கும் அடிமை. தரைவழியாக வந்தவன் என்றால் பன்னிரண்டு வருஷம் உழைத்துவிட்டுப் போகலாம். ஏன் இப்படி என்று கேட்டால் எழுதினவர்களுக்கே தெரியாது.

நாகப்பட்டினத்துச் சடையன், ஆல்சப் துரையின் புகையிலைத் தோட்டத்தில் பன்னிரண்டு வருஷம் முடித்து, விடுதலை கேட்டு நீதிபதி முன் நின்றான்.

துரை சிரித்தார். "நாகப்பட்டினத்திலிருந்து எவனாவது நடந்து வருவானா? கப்பலில் வந்தவன். சாகும்வரை என் அடிமை."

"என்னடா சொல்கிறாய்?" என்றார் நீதிபதி.

"கப்பலில்தான் வந்தேன், எசமான். எந்தக் கப்பல் என்று மட்டும் துரையைச் சொல்லச் சொல்லுங்கள்."

துரைக்கு வியர்த்தது. அது வைசூரிக் கப்பல். அதிலிருந்து யாரும் இறங்கக்கூடாது என்று தடை இருந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் துரை சடையனைத் திருட்டுத்தனமாக இறக்கிவிட்டு, "இவன் நடந்து வந்தான்" என்று இதே நீதிபதியிடம் பைபிளைத் தொட்டுச் சத்தியம் செய்திருந்தார். மறுமாதமே ஊரில் வைசூரி பரவி, நீதிபதியின் மனைவி செத்துப்போனாள்.

"நடந்துதான் வந்தான்" என்று துரை முனகினார்.

"நாகப்பட்டினத்திலிருந்தா?"

"ஆமாம்... நடந்துதான்."

நீதிபதிக்குத் தலை சுற்றியது. ஆனாலும் விடுதலை எழுதிக் கொடுத்தார்.

இந்தக் குழப்பமே வேண்டாமென்று கனவான்கள் கூடிச் சட்டத்தைத் திருத்தினார்கள்: எப்படி வந்தாலும் அடிமை.

அதில் முதலில் மாட்டியவன் மேற்கு மலையிலிருந்து நிஜமாகவே நடந்து வந்தவன். கொப்புளம் வெடித்த தன் பாதங்களை அவன் ஒவ்வொருவரிடமும் தூக்கித் தூக்கிக் காட்டினான்.