மினுக்கி ஆற்றைக் கண்ணாடியாக்கிய கதை

முன்னொரு காலத்திலே, பறவைகள் மனிதரோடு பேசிக்கொண்டிருந்த நாளிலே, ஆம்பல் நாடு என்று ஒரு நாடு. அதன் நடுவே முத்தாறு ஓடியது. அங்கே ஓடம் விடுகிறவன் பூவலிங்கம். தண்ணீருக்கு அலைகிற வறண்ட சீமையிலிருந்து அவனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் நல்லக்காள். அதுவரை அவள் ஓர் ஆற்றைக் கண்ணால் பார்த்ததில்லை.

பங்குனி மாதம் மினுக்கி என்ற மந்திரக்காரி கரைக்கு வந்து தண்ணீரில் முகம் பார்த்தாள். அலை வந்து முகத்தைக் கலைத்தது. மறுபடி பார்த்தாள், மீன் துள்ளிக் கலைத்தது. மூன்றாம் முறை பார்த்தாள், தவளை குதித்துக் கலைத்தது. அவளுக்கு ஆத்திரம் பொங்கியது.

“நில்லு ஆறே, நில்லு. கண்ணாடியா நில்லு,” என்று கோலால் தட்டினாள்.

ஆறு நின்றது. மேல்தண்ணீர் கண்ணாடியாக இறுகியது. நழுவிய துடுப்பை எடுக்க அப்போதுதான் பூவலிங்கம் முங்கியிருந்தான். ஆறு அவன் தலைக்கு மேல் மூடிக்கொண்டது.

நல்லக்காள் ஓடிவந்து மினுக்கியின் காலைப் பிடித்தாள். “அம்மா, என் வீட்டுக்காரர் உள்ளே இருக்கார். திறந்து விடுங்க.”

“சாகமாட்டான், தூங்குவான்,” என்றாள் மினுக்கி. “இதில் குனிந்து பார்த்தும் தன் முகத்தைப் பார்க்காத ஆள் வந்தால் கண்ணாடி உடையும். அப்படி ஒருத்தர் இன்னும் பிறக்கவில்லை.”

ராஜா வந்து குனிந்தார், கிரீடத்தைச் சரிசெய்துகொண்டார். தளபதி குனிந்தார்; மீசையை முறுக்கிக்கொண்டார். நல்லக்காள் புருஷனைத் தேடிக் குனிந்தாள். அழுது வீங்கிய தன் முகம்தான் தெரிந்தது. அதைப் பார்க்கப் பார்க்கத் தன்மேலேயே இரக்கம் வந்து இன்னும் அழுதாள். கண்ணாடி அசையவில்லை.

புங்கமரத்திலிருந்து ஒரு மீன்கொத்தி பேசியது. “மீனுக்காகக் கண்ணாடியிலே பாய்ந்து பாய்ந்து என் அலகே வலிக்குது, தாயி. அழுதது போதும். என்கூட நடந்து வா. இன்னும் யார் யார் தவிக்கிறாங்கன்னு பார்ப்போம்.”

அவள் கரையோரமாக நடந்தாள். பொரி இறைத்தாற்போல் புங்கம்பூ ஆற்றின்மேல் கிடந்தது. ஒன்றுகூட மிதந்து போகவில்லை. ஒரு நீர்நாய் தன் குட்டிகளோடு கண்ணாடியைப் பிராண்டிக்கொண்டிருந்தது. ஆமை ஒன்று இறங்க வழி தெரியாமல் கழுத்தை நீட்டி நின்றது. நாணல் புதர் வந்ததும் மீன்கொத்தி, “இங்கே பாரு,” என்றது.

நல்லக்காள் ஈரமண்ணில் குப்புறப் படுத்துப் பார்த்தாள். கண்ணாடிக்கு அடியில், நாணல் தண்டைப் பற்றிக்கொண்டு, சேற்று நிறத்தில் ஓர் அவலட்சணமான பூச்சி ஏறிக்கொண்டிருந்தது.

“இது என்ன?”

“தும்பி. இன்னும் தும்பி ஆகலை. சேற்றுக்குள்ளேயே வளர்ந்து, வசந்தத்திலே மேலே ஏறும். வெளியே வந்தால்தான் சிறகு விரியும்.”

பூச்சி ஏறியது, கண்ணாடியில் முட்டியது, விழுந்தது. மறுபடி ஏறியது, முட்டியது, விழுந்தது. நல்லக்காள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அதன் முதுகில் நகக்கண் அளவுக்கு மடித்து வைத்த சிறகு இருந்தது. இவ்வளவு சின்ன இடத்தில் ஒரு பறத்தலையே மடித்து வைத்தது யார்? அடுத்த தண்டிலும் ஒரு பூச்சி. அதற்கடுத்த தண்டிலும் ஒன்று. ஆறு நெடுக, தண்டுக்கொன்று ஏறிக்கொண்டிருந்தது.

அவளுக்குப் பசி மறந்தது, துக்கம் மறந்தது, தன் பெயரே மறந்தது. மூக்குக்கு நேரே அவள் முகம் தெரிந்தது; அவள் அதைப் பார்க்கவேயில்லை.

“ஏறு கண்ணு, ஏறு,” என்றாள் மெதுவாக.

பூச்சி மூன்றாம் முறை முட்டியது. படார் என்று ஆறு முழுவதும் விரிசல் ஓடியது. கண்ணாடி உருகியது, அலை புரண்டது. கரையில் குனிந்து அழகு பார்த்துக்கொண்டிருந்த மினுக்கியின் முகம் அலையில் ஆயிரம் துண்டாகச் சிதறியது. அவளும் சுருங்கி, தண்ணீர்மேல் ஓடுகிற நெட்டைக்கால் பூச்சியானாள். அசையாத தண்ணீரைத் தேடி இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறாள்.

நாணல் தண்டெல்லாம் மேலேறி வந்த பூச்சிகளின் முதுகுகள் வெடித்தன. கசங்கிய பட்டுத்துணி போலச் சிறகுகள் வெளியே வந்து, வெயிலில் மெல்ல மெல்ல விரிந்தன. சிவப்பு, பச்சை, பொன் நிறம். ஆற்றுக்கு மேல் தும்பிகளால் ஒரு வானமே எழுந்தது. குடத்தோடு ஓடிவந்த பெண்கள் தண்ணீர் மொள்ள மறந்து நின்றார்கள்.

நாணலுக்கு நடுவே பூவலிங்கம் தலையைத் தூக்கினான். “துடுப்பு கிடைக்கலை, நல்லா,” என்றான்.

அவள் அழுதுகொண்டே சிரித்து, அவன் தோளைக் காட்டினாள். அங்கே ஒரு தும்பி ஈரச் சிறகோடு உட்கார்ந்திருந்தது.

“காயட்டுங்க,” என்றாள்.

இடுப்பளவு தண்ணீரில் அவன் நின்றான். பக்கத்தில் அவளும் இறங்கி நின்றாள். அது பறந்து போனபிறகுதான் இருவரும் கரையேறினார்கள். அவர்கள் நன்றாக வாழ்ந்தார்கள், ஆறும் ஓடியது.