அள்ளாத கசடு

எங்கள் உருக்காலைக்குத் தனசேகரபாண்டியன் என்று ஒரு மேலாளர் வந்து சேர்ந்தார். வந்த நாளிலிருந்து எங்கள் உயிரை வாங்கினார்.

உருகிய இரும்பில் கந்தகம் இருந்தால் எஃகு விரிசல் விடும். அதற்காகச் சுண்ணாம்புத் தூளைச் செலுத்துவோம். கந்தகம் கசடோடு சேர்ந்து மேலே மிதக்கும். அதை வழித்தெடுப்பது எட்டியப்பன் அண்ணன் வேலை. பத்து நிமிஷம் பிடிக்கும்.

"பத்து நிமிஷம் தண்டம்! அதான் கந்தகம் பிரிஞ்சிடுச்சே, அப்படியே அடுத்த உலைக்கு அனுப்பு" என்றார் மேலாளர்.

வேண்டாம் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டோம். கேட்டால்தானே! அங்கே ஆக்சிஜனை ஊதியதும் கசடு கலங்கி, கந்தகம் இரும்புக்கே திரும்பிவிட்டது. எஃகு மொத்தமும் வீண். பழி மட்டும் அண்ணன் தலையில் விழுந்தது. "நீ என் ரூமைப் பெருக்கத்தான் லாயக்கு" என்று அனுப்பிவிட்டார்.

மறுநாள் அண்ணன் அந்த அறையை மூலைமுடுக்கெல்லாம் பெருக்கி, குப்பையை நடுவில் குவித்துவிட்டு ஓரமாக நின்றார். மேலாளர் வேர்த்து விறுவிறுத்து வந்து ஃபேனைப் போட்டார். மேசை, ஃபைல், வெள்ளைச் சட்டை, எல்லாவற்றிலும் தூசி அப்பியது.

"யோவ்! ஒதுக்கினதை அள்ளாம விட்டா, காத்தடிச்சதும் திரும்ப வராதா? இதுகூடவா தெரியாது?"

அண்ணன் பேனாவை எடுத்து நீட்டினார்.

"இதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க சார். உலைக்குப் பக்கத்துல ஒட்டிடறேன்."